சல்லிக் கரையின் கழுகுகளும் ஏட்டில் ஏறாத பெயர்களும்

திருக்கோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே, உப்புவெளியைக் கடந்து, சாம்பல்தீவை அண்மித்துக் கடலோரமாக அமைந்த சிற்றூர் சல்லி. முத்துமாரியம்மன் கோவிற் பொங்கலால் சுற்றுவட்டாரம் அறிந்த ஊர். மற்றப்படி, கடலையும் களப்பையும் நம்பி வாழும் மீனவர்களின் ஊர். திருக்கோணமலை என்றவுடன் வரலாற்றாசிரியர்களுக்கு நினைவுக்கு வருபவை துறைமுகமும், கோட்டையும், போத்துக்கீசர் இடித்த கோணேசர் கோவிலும்தான். அத்துறைமுகத்துக்காக நான்கு ஐரோப்பிய வல்லரசுகள் மோதின. அந்த வரலாற்றிற் சல்லிக்கு இடமில்லை. அதன் தலைக்கு மேலே வட்டமிடும் கழுகுகளுக்கோ, பருந்துகளுக்கோ இடம் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே விடை; ஆனால் அது வேறொரு ஏட்டில், வேறொரு மொழியில் உள்ளது. அந்த ஏட்டை யார் எழுதினார்கள், யாருடைய வாய்மொழியைக் கேட்டு எழுதினார்கள், யாருடைய பெயர் அதில் நின்றது என்பதையே இக்கட்டுரை ஆராய விரும்புகிறது.

முதலிற் பறவைகளை அறிந்துகொள்வோம். இக்கரைக்குரிய பெரும்பறவை வெண்ணிற வயிறும் சாம்பல் நிறச் சிறகும் கொண்ட கடற்கழுகு. ஈழத்துக் கரையோரங்களில் இதனை ஆலா என்று வழங்குவோரும் உண்டு. தமிழகக் கரையிலோ ஆலா என்பது பிளந்த வாலுடைய சிறிய கடற்குருவியைக் குறிக்கும். பெட்டைக் கழுகு ஆணிலும் பெரியது. அதன் இறக்கை விரிவு இரண்டு மீற்றரைத் தாண்டும். உயர்ந்த மரத்தில் சுள்ளிகளால் கூடு கட்டி, ஆண்டுதோறும் அதே கூட்டுக்குத் திரும்பி வந்து, மேலும் சுள்ளி சேர்த்து அதைப் பெருப்பிக்கும். மீனும் கடற்பாம்பும் அதன் உணவு. விராலடிப்பானைப் போல நீருக்குட் பாயாமல், மேற்பரப்பிலே கால்நகங்களாற் கவ்விக்கொண்டு எழும்பும்.

அடுத்தது செம்பருந்து. செங்காவி உடலும் வெண்தலையும் கொண்ட இப்பறவை வேட்டையிலும் பொறுக்குவதிலேயே அதிக நாட்டமுடையது. கரைவலை இழுபடும் வேளையில் மடி கரைக்கு வருமுன்னரே அது அங்கே வந்துவிடும். வலையிற் சிந்தும் சூடையும் நெத்தலியும், வாடியடியில் வீசப்படும் மீன்குடலும் அதற்குப் போதுமானவை. இதே பறவை கோவிற் கோபுரத்தின் மேல் வட்டமிட்டால் அதன் பெயர் கருடன். கும்பாபிஷேக வேளையில் அது வந்தால் கைகூப்புகிறோம். மீன்குவியலின் மேல் வட்டமிட்டாலோ அது பருந்து, கல்லெடுத்து எறிகிறோம். பறவை ஒன்றே, மாறுவது நிற்கும் இடமும் பார்ப்பவரின் தேவையும்.

மூன்றாவது, வாடைக் காலத்து விருந்தாளியான விராலடிப்பான். வடக்கே நெடுந்தொலைவிற் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு அஞ்சித் தெற்கே வருவது. கால்களை முன்னீட்டி நீருக்குட் பாய்ந்து, முள்முள்ளான உள்ளங்காலாலும் பின்புறமாகத் திரும்பக்கூடிய புறவிரலாலும் வழுக்கும் மீனை இறுகப் பற்றும். கிழக்குக் கரையில் வாடைக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓய்ந்துவிடும். அவ்வேளை விராலடிப்பானுக்குக் களப்பே பெரும் புகல்.

காற்றைப் பார்த்துப் பெயர்பவை பறவைகள் மட்டுமல்ல. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிச் சிங்கள மீனவர்கள் இக்கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்யும் வழக்கம் நெடுநாளையது. ஒரு கடலின் இரு காற்றுகள் இரு மொழிக்காரரை ஒரே மணலில் உட்கார வைத்தன. அவர்களிடையே பகைமையை வளர்த்தது காற்றுமல்ல, கடலுமல்ல.

உள்நாட்டுக் காடும் வயலுமாக விரியும் நிலத்தில் குடுமிக் கழுகும், பாம்புக் கழுகும், வல்லூறும் உண்டு. ஆயினும் நாம் கரையிலேயே நிற்போம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது. கழுகு என்னும் தமிழ்ச்சொல் இரண்டு வேறுபட்ட பறவைக் குலங்களைத் தழுவி நிற்பது. உயிருள்ள இரையைக் கொல்லும் கழுகும் கழுகுதான். பிணந்தின்னும் பாறும் கழுகுதான். பழந்தமிழ்ப் போர்க்களங்களிற் சிறகடித்தவை பெரும்பாலும் பிந்தியவை. தமிழகத்துத் திருக்கழுக்குன்றத்தில் நண்பகலிற் சோறுண்ண வந்த இரு பறவைகளும் வெண்ணிறப் பாறுகளே. கடந்த நூற்றாண்டின் இறுதியோடு அவற்றின் வருகையும் நின்றுபோயிற்று. ஆனால் இலங்கைத் தீவிற் பாறு குடியிருப்பதில்லை. எப்போதோ வழிதவறி வந்ததுண்டு, அவ்வளவே. இடையிலுள்ள பாக்கு நீரிணை குறுகியதுதான். எனினும், நிலத்திலிருந்து மேலெழும் வெப்பக்காற்றில் ஏறி மிதக்கும் பாரமான பறவைகளுக்குக் கடல் ஒரு தடைதான். ஆகவே, சொல் கடல் கடந்து வந்தது, பறவை வரவில்லை. ஈழத்துத் தமிழன் கழுகு என்னும்போது அவன் கண்முன் நிற்பது பிணந்தின்னியன்று, மீன்பிடிப்பது. சொல்லைப் புத்தகத்தில் மட்டுமே தேடும் பண்டிதர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இனி ஏட்டுக்கு வருவோம்.

கடற்கழுகுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் ஜேர்மனியில் கொட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த கிமெலின். ஆண்டு 1788. கப்டன் குக்கின் கடைசிப் பயணத்தின்போது, 1780இல், ஜாவாவின் மேற்கு முனையருகே ஒரு தீவிற் பிடிபட்ட பறவையைப் பற்றி லேதம் என்னும் ஆங்கிலேயர் 1781இல் எழுதிய குறிப்பே அதற்கு மூலம். அதே 1788இல், அதே கிமெலின், நமது குடுமிக் கழுகுக்கும் பெயரிட்டார். அதன் இலத்தீன் பெயரில் 'சிலானென்சிஸ்', அதாவது இலங்கைக்குரியது, என்ற சொல் ஏறியது. அப்போது திருக்கோணமலை ஒல்லாந்தர் வசம் இருந்தது. ஏழாண்டுகளின் பின், 1795இல், பிரித்தானியர் அதைக் கைப்பற்றினர். இலங்கை மண்ணை மிதியாத ஒருவர் இலங்கைக் கழுகுக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கிவிட்டார். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, இந்தப் பறவையின் பத்திரம் மட்டும் 160 ஆண்டுகளாகப் பழுதின்றி இருந்தது.

அதற்கும் முன்னரே, 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த தேசாதிபதியாயிருந்த லோட்டன் என்பவர் இத்தீவின் பறவைகளையும் விலங்குகளையும் ஓவியமாகத் தீட்டுவித்தார். தீட்டியவர் இம்மண்ணிற் பிறந்த கலப்பினத்தவரான டி பெவெரே. அவ்வோவியங்கள் இங்கிலாந்து சென்று, அங்கே அச்சாகிய நூல்களுக்கு ஆதாரமாயின. லோட்டனின் பெயர் ஒரு தேன்சிட்டின்மேல் இன்றும் நிற்கிறது. தூரிகை பிடித்தவரின் பெயரை ஆராய்ச்சியாளர்களே அறிவர்.

பிரித்தானிய ஆட்சியில் இத்தீவின் பறவைகளைப் பற்றி முறையாக எழுதியோருள் மூவரை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் கெலார்ட். 1819இல் இலங்கையிற் பிறந்த பறங்கியர், இராணுவ வைத்தியர். இத்தீவின் விலங்கினங்களைப் பற்றி 1852இல் ஒரு நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் அரசு அவரை முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்கு அமர்த்தியது. திருக்கோணமலையிலிருந்தே அவ்வாராய்ச்சியை நடத்தி, 1858இல் அறிக்கையும் சமர்ப்பித்தார். அரசுக்குத் தேவைப்பட்டது சிப்பியின் வாழ்க்கை வரலாறன்று, முத்துக்குளிப்பின் வருமானம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1860இல் இங்கிலாந்து செல்லும் வழியிற் கப்பலிலேயே அவர் உயிர் நீத்தார்.

மற்றவர் லேயார்ட். சிவில் சேவையாளர், பருத்தித்துறையில் உத்தியோகம் பார்த்தவர். 1853, 1854ஆம் ஆண்டுகளில் இலங்கைப் பறவைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அவரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

மூன்றாமவரே நமக்கு முதன்மையானவர். வில்லியம் வின்சன்ற் லெக், தஸ்மேனியாவிற் பிறந்தவர், அரச பீரங்கிப்படை அதிகாரி. 1868 முதல் 1877 வரை இலங்கையிற் பணியாற்றினார். கொழும்பிலும் காலியிலும் மட்டுமன்றித் திருக்கோணமலையிலும் அவர் நிலைகொண்டிருந்தார். துறைமுகத்தைக் காக்கப் பீரங்கியோடு அனுப்பப்பட்ட மனிதர், ஓய்வு நேரத்தில் பறவைகளைக் கணக்கெடுத்தார். அதன் பயன், 1878 முதல் 1880 வரை இலண்டனில் வெளியான 'இலங்கைப் பறவைகளின் வரலாறு' என்ற பெருநூல். கியூலமன்ஸ் வரைந்த வண்ணப்படங்களுடன் கூடிய அந்நூலை விஞ்சிய ஒன்று நெடுங்காலம் தோன்றவில்லை. லெக்கின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பாதையற்ற காடுகளிலும் களப்போரங்களிலும் அலைந்து, ஒவ்வொரு பறவையின் கூடும் முட்டையும் குரலும் பழக்கமும் பதிவு செய்தவர் அவர். ஏகாதிபத்தியத்தின் சேவகராயிருந்தார் என்பதற்காக அவருடைய விஞ்ஞானம் பொய்யாகிவிடாது. விஞ்ஞானம் மெய் என்பதற்காக அவர் அணிந்த சீருடை மறைந்துவிடவும் மாட்டாது. இரண்டையும் ஒருங்கே காண்பதுதான் வரலாற்றுப் பார்வை.

அக்காலத்தில் பறவையியல் என்றால் துவக்கு. தொலைநோக்கியாற் பார்த்து இனம் சொல்லும் முறை வளரவில்லை. பறவையைச் சுட்டு, தோலுரித்து, நச்சு மருந்து பூசி, பஞ்சடைத்து, சீட்டுக் கட்டினாற்றான் அது விஞ்ஞானத்துக்குச் சாட்சி. இவ்வேலையில் ஒரு வெள்ளை அதிகாரியால் எவ்வளவைத் தனியே செய்திருக்க முடியும்? வழிகாட்டியவர், தோணி வலித்தவர், விழுந்த பறவையைச் சதுப்பிலிறங்கி எடுத்து வந்தவர், மரமேறிக் கூட்டை இறக்கியவர், இரவோடிரவாகத் தோலுரித்தவர் என்று எத்தனை கைகள்! லெக்கின் நூலில் பறவைகள் பலவற்றுக்கு ஆங்கில, இலத்தீன் பெயர்களை அடுத்துச் சிங்களப் பெயரும் 'இலங்கைத் தமிழர்' வழங்கும் பெயரும் தரப்படுகின்றன. அப்பெயர்கள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. கரையோரத்திலே, காட்டு வழியிலே, யாரோ ஒருவர் பறவையைச் சுட்டிக்காட்டி, இதை நாங்கள் இப்படிச் சொல்வோம் என்று சொல்லியிருக்கிறார். ஏட்டில் அவர் 'இலங்கைத் தமிழர்' என்னும் பன்மைக்குள் மறைந்துபோனார். ஓர் உயிரினத்துக்கு இலத்தீனிற் பெயரிடுபவரின் பெயரும் ஆண்டும் அதன் வாலிற் கட்டப்படுகின்றன. அதற்கு ஆயிரமாண்டு முன்னரே தமிழிற் பெயரிட்டவரோ பெயரற்றவர்.

ஒரே ஒரு விலக்கு நமக்குத் தெரியும். அது கழுகன்று, ஒரு சிறு ஈப்பிடிப்பான், பழுப்பு மார்புடையது, வடகிழக்கு இந்தியா முதலான பகுதிகளில் இனம்பெருக்கிக் குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. பருத்தித்துறையில் அதை லேயார்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் அவருடைய பணியாளர் முத்து. தாம் சேகரித்த மிகச் சிறந்த பறவைகள் பலவற்றுக்கு முத்துவின் பொறுமையான முயற்சிக்கே கடமைப்பட்டிருப்பதாக லேயார்ட் ஒளிக்காமல் எழுதினார். 1854இல் அப்பறவைக்கு 'முத்துய்' என்று பெயரிட்டார். இன்று உலகின் எந்த மூலையில் அப்பறவையைப் பற்றி எவர் எழுதினாலும், ஒரு யாழ்ப்பாணப் பணியாளின் பெயரை எழுதியே ஆகவேண்டும். லேயார்டின் நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் இந்த ஒரு பெயரின் மகிமையைக் காட்டி, எழுதப்படாத ஏனைய பெயர்களை மறக்கச் செய்யும் சாமர்த்தியமும் சிலரிடம் உண்டு.

லெக் பெயரிட்ட கழுகுக்கு வருவோம். மலைநாட்டுக் காடுகளில் வாழும் பெரிய குடுமிக் கழுகு ஒன்றை அவர் 1878இல் புதிய இனமாக விவரித்து, தமக்கு முன்னோடியான கெலார்ட்டின் நினைவாக அதற்குக் 'கெலார்ட்டி' என்று பெயரிட்டார். திருக்கோணமலையிற் சிப்பி ஆராய்ந்தவரின் பெயரை, திருக்கோணமலையிற் பீரங்கி காத்தவர், மலைநாட்டுக் கழுகுக்குச் சூட்டினார். அந்த மலைக்காட்டுக்கு அப்போது என்ன நேர்ந்துகொண்டிருந்தது? 1830கள் தொடங்கிக் கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. லெக் இலங்கைக்கு வந்த மறு ஆண்டான 1869இல்தான் கோப்பியிலை நோய் இங்கே கண்டறியப்பட்டது. கோப்பி அழிந்தபின் அதே மலைகளிற் தேயிலை ஏறியது. காட்டை வெட்டியவர்கள், தமிழகத்திலிருந்து தோணியேறி, மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடத்திவரப்பட்ட கூலித் தொழிலாளர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பல்லாயிரவர். கழுகின் காட்டை அழித்தவர்கள் என்று அவர்களைக் கூறுவது, தூக்குக் கயிற்றைத் திரித்தவனைக் கொலைகாரன் என்பது போலாகும். கோடரி அவர்கள் கையில் இருந்தது. காணி உறுதி வேறு கையில் இருந்தது. ஒரு பறவையின் ஒவ்வோர் இறகையும் அளந்து எழுதிய அந்த நூற்றாண்டு, அப்பறவையின் மரத்தை வெட்டிய மனிதர்களைத் தலைக்கணக்காக மட்டுமே எழுதிற்று.

இங்கே ஒரு பழமொழி நினைவுக்கு வருகிறது. உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்கிறோம். பள்ளிக்கூடங்களிலும் இதைச் சொல்லிக் கொடுக்கிறோம். இதை இயற்றியது ஊர்க்குருவியாக இருந்திருக்க முடியாது! பறவையியல் நோக்கிற் பார்த்தாலும் இதில் பெருமைக்கு இடமில்லை. செம்பருந்து பொறுக்கி உண்பது. கடற்கழுகோ தன்னிலும் சிறிய பறவைகளைத் துரத்தி, அவை பிடித்த மீனைப் பறிப்பதையும் தொழிலாகக் கொண்டது. உடனே இதை ஏகாதிபத்தியத்துக்கு உவமையாக்க நம் கவிஞர்களின் கை துடிக்கும். வேண்டாம் என்பேன். கழுகு பசிக்குப் பறிக்கிறது. பசி தீர்ந்தால் மரத்தில் அமர்ந்து இறகு கோதுகிறது. களஞ்சியம் கட்டுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பறவை நூல்கள் தொடர்ந்தன. 1925இல் வெயிட் என்ற சிவில் சேவையாளரின் கைநூல் வந்தது. 1955இல், இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜி. எம். ஹென்றியின் வழிகாட்டி வந்தது. அவரே எழுதி அவரே வரைந்த நூல். துவக்கின் இடத்தைத் தொலைநோக்கி எடுத்துக்கொண்டது. ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில்.

துறைமுகம் மட்டும் துவக்கை விடவில்லை. நிலாவெளிக்கு எதிரே, மாடப்புறாக்கள் முட்டையிடுவதாற் பெயர்பெற்ற புறாத்தீவைப் பிரித்தானியக் கடற்படை பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்தது. 1942 ஏப்ரில் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருக்கோணமலையின் மேல் குண்டு பொழிந்தன. 1957இல் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 1963இல் புறாத்தீவு சரணாலயமாயிற்று. 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆனால் சரணாலயம் என்று எழுதுவதும் சரண் கிடைப்பதும் ஒன்றல்ல. 1983 தொடங்கி 2009 வரை நீடித்த போரில், இக்கரை மீனவர் எப்போது கடலுக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பது துவக்கின் ஆணைப்படியே நடந்தது. நடுவில், 2004 டிசம்பர் 26ஆம் திகதி, ஆழிப்பேரலை கிழக்குக் கரை முழுவதையும் வாரிக்கொண்டு சென்றது. வலையும் வள்ளமும் வீடும் மட்டுமா போயின? எந்த மாதம் எந்தப் பறவை எங்கே இறங்கும், எதன் வரவு எந்தக் காற்றுக்கு முன்னறிவிப்பு என்பதையெல்லாம் நெஞ்சில் வைத்திருந்த முதியவர்களும் போயினர். அவர்களோடு போன சொற்கள் லெக்கின் நூலில் பாதிகூட இல்லை.

மலைக்கழுகின் கதையில் இன்னும் ஒரு திருப்பம் உண்டு. லெக் பெயரிட்ட இனத்தைப் பிற்கால அறிஞர் தனியினமாக ஏற்காமல், இமயமலை வரை பரந்த வேறோர் இனத்தின் உட்பிரிவாக்கிவிட்டனர். 2008இல் நால்வர் அதன் உடலளவுகளையும் குரலையும் மரபணுவையும் பற்றிய சான்றுகளை ஒன்றுசேர்த்து, அது தனியினமே என்று மீண்டும் நிலைநாட்டினர். நால்வரில் ஒருவரான தீபால் வராக்காகொட இலங்கையர். இலங்கை மலைகளிலும் தென்மேற்கு இந்திய மலைகளிலும் மட்டுமே வாழும் அரிய பறவை அது. ஆங்கிலத்தில் அதற்கு லெக்கின் கழுகு என்று பெயர். இலத்தீனிற் கெலார்ட்டின் கழுகு. அந்த மலைகளிற் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் நிமிர்ந்து பார்த்து அதை என்னவென்று சொல்கிறார்கள், சல்லியின் பிள்ளைகள் பழுப்பு நிறம் மாறாத இளங்கடற்கழுகை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பதை எழுதி வைக்க ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். அப்படி எழுதும்போது, சொன்னவரின் பெயரையும் ஊரையும் பக்கத்திலே குறித்துவிட வேண்டும்.